பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட்ட விண்ணப்பம்

இருபத்திரண்டு வருடமாக நான் எங்கே வேலை செய்தேன் என்பது என் சொந்தக்காரரில் பாதிப்பேருக்குத் தெரியாது. "கவுன்சில்ல, பார்க்ஸ் பக்கம்" என்று என் கணவர் சிவம் சொல்லிவைத்திருந்தார். முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. தென் லண்டனில் எங்கள் கவுன்சிலின் பூங்காப் பிரிவுக்குக் கீழேதான் இடுகாடும் வந்தது. அந்த இடுகாட்டு அலுவலகத்தில் கல்லறைக் கற்களுக்கு அனுமதி கொடுக்கும் மேசை என்னுடையது.

ஒரு நாள் கிழக்கு லண்டனில், பிளேஸ்டோவில் இருக்கும் என் மச்சாள், கூட வேலை செய்த வெள்ளைக்காரப் பெண் ஒருத்தியின் செத்தவீட்டுக்கு வந்த இடத்தில் கவுண்டருக்குப் பின்னால் என்னைக் கண்டுவிட்டார். அவ்வளவுதான். நாங்கள் இருக்கும் மிச்சம் என்ற ஊர் முதல் பிளேஸ்டோ வரை எனக்குச் "சுடலைப் பரமேஸ்" என்று பெயர் விழுந்தது. அதற்குப் பிறகு எந்தக் கலியாண வீட்டிலும் மணமக்களுக்கு ஆலாத்தித் தட்டு எடுக்க என்னைக் கூப்பிட்டதில்லை. கூப்பிடாதது நல்லதுதான், எனக்கும் முழங்கால் நோ.

நான் ஓய்வுபெற்ற பிறகு அந்த மேசைக்கு வந்தவர் மாதங்கி, பக்கத்து ஊரான சட்டனில் இருக்கும் எங்கள் தமிழ் ஆள். போன மாதம் அவர் போன் பண்ணினார். பழைய பைல் எல்லாவற்றையும் கணினியில் ஏற்றிவிட்டுக் கடதாசியை அழிக்கப் போகிறார்களாம்.

"அன்ரி, ஒரு என்வலப் கிடக்குது. ஒட்டியிருக்கு. மேல உங்கட கையெழுத்தில 'திறக்க வேண்டாம், பிரதி எடுக்க வேண்டாம், கேட்டு வருவினம்' எண்டு தமிழிலையும் இங்கிலீசிலையும் எழுதியிருக்கு. ஆர் கேட்டு வருவினம்? இதையும் அழிக்கிறதோ?"

"கை வைச்சியெண்டால் தெரியும்!" என்றேன். பிறகு மெதுவாக, "எடுத்து வை பிள்ளை, நான் வாறன்" என்றேன். அந்த என்வலப் எப்படி வந்தது என்பதை அவருக்கு எழுதிக் கொடுப்பதாகச் சொன்னேன். எழுதத் தொடங்கினால் நிற்காமல் வந்துவிட்டது.

வேலை பழகிய காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முதல் இரண்டு வருடம் போன் எடுத்தேன், படிவம் அடுக்கினேன், அழுகிறவர்களுக்குக் கிளாஸில் தண்ணீர் கொடுத்தேன். மீதி எல்லாம் மிஸ்டர் ஹார்லோவிடம் பழகினது.

மிஸ்டர் ஹார்லோ எங்கள் மேலதிகாரி. தோட்டக்காரனாகச் சேர்ந்து மேலே வந்தவர். சைக்கிளில் வருவார், காற்சட்டைக் கிளிப்பைக் கழற்ற மறந்து நாள் முழுக்கத் திரிவார். சவ வண்டி ஜன்னலைக் கடந்தால், யாரோடு போனில் பேசிக்கொண்டிருந்தாலும் எழும்பி நிற்பார். ஒரு தடவை கவுன்சில் தலைமையகத்துப் பெரியவர் போனில் கத்திக்கொண்டிருக்க, இவர் ரிசீவரைக் காதில் பிடித்தபடி வண்டி போய் முடியும் வரை பதிலே பேசாமல் நின்றார். எந்த விண்ணப்பத்தையும் அடியிலிருந்து மேலே வாசிப்பார். முதலில் கையெழுத்து, பிறகு அளவு, பிறகு வாசகம், கடைசியில்தான் பெயர்.

காரணம் இருந்தது. ஒவ்வொரு கல்லறைக்கும் ஓர் உரிமைப் பத்திரம் உண்டு. அது யார் பெயரில் இருக்கிறதோ அவர் கையெழுத்து இல்லாமல் அந்தக் குழிமேல் ஒரு பூச்சாடியைக்கூட நிரந்தரமாக வைக்க முடியாது. நான் சேர்ந்த புதிதில், மூத்த மகன் கையெழுத்துப் போட்டு ஒரு கல் வைத்துவிட்டார்கள். பத்திரமோ இரண்டாம் மனைவியின் பெயரில். மிஸ்டர் ஹார்லோ தானே நின்று கல்லைக் கழற்ற வேண்டி வந்தது, முழுக் குடும்பமும் பார்த்துக்கொண்டு நின்றது. அன்று பின்னேரம் என்னிடம், "மிஸிஸ் சிவம், கல் பொய் சொல்லும். அது சொந்தக்காரரின் பாடு. பைல் பொய் சொல்லக்கூடாது, அது எங்கள் பாடு" என்றார். "கல்லின்மேல் எதையும் தொங்கவிடாதே, சாய்க்காதே, கட்டாதே" என்பதும் அவருடைய சட்டம்தான். கல்லில் மாலை தொங்கினால்கூடக் கழற்றி நிலத்தில் வைப்பார்.

இனி ரூத்துக்கு வருகிறேன்.

இரண்டாயிரத்து ஒன்பது, பங்குனி மாதம். அந்த நாட்களில் லண்டனில் எந்தத் தமிழரும் போனைக் கையிலிருந்து கீழே வைக்கவில்லை. கடைசிப் போர் நடந்துகொண்டிருந்த வன்னியில் இருந்த என் அக்காவின் மகளைப் பற்றி மாசியிலிருந்து தகவல் இல்லை. நான் வேலைக்கு வருவேன், போனை மேசை லாச்சிக்குள் வைத்துப் பத்து நிமிடத்துக்கொரு தடவை திறந்து பார்ப்பேன். அப்படி ஒரு திங்கட்கிழமைதான் கவுண்டரில் ஒரு பெண் வந்து நின்றார். அறுபது தாண்டியவர், எங்கள் ஆட்களைப்போலக் கறுப்பு, நரைத்த தலை, காலுக்குப் பெரிய கம்பளிச் சப்பாத்து. அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த ஆதிக்குடிப் பெண். மூன்று கிழமையில் திரும்பிப் போக வேண்டும் என்றார். அவர் பேசியது ஆங்கிலம். எனக்கு ஞாபகத்தில் நிற்பது என்னவோ எங்கள் பேச்சில்தான், அப்படியே எழுதுகிறேன்.

"என்ர தங்கச்சி இஞ்ச கிடக்கிறாள். அவளின்ர காலடியில ஒரு சின்னக் கல் வைக்க வேணும்."

அந்த நாட்டில் பல பத்து வருடங்களாக அரசாங்க ஆட்கள் ஆதிக்குடிப் பிள்ளைகளைத் தாய்மாரிடமிருந்து பிடுங்கிக்கொண்டுபோய் விடுதிகளிலும் வெள்ளைக்காரர் வீடுகளிலும் வளர்த்தார்கள். அதற்காக முந்தின வருடம்தான் அவர்களின் பிரதமர் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டிருந்தார். பேப்பரில் பார்த்திருந்தேன், அதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியாது. அந்த ஆட்கள் இவர்கள் ஊருக்கு வந்தபோது ரூத்துக்கு ஏழு வயது, தங்கைக்கு மூன்று. வண்டிச் சத்தம் கேட்டதும் பெரியம்மா ரூத்தை இழுத்துக்கொண்டு ஆற்றோரம் ஓடி ஒளித்துவிட்டார். சின்னவள் நித்திரை. அவளைக் கொண்டுபோனார்கள். அங்கே வேலைக்குப் போயிருந்த ஒரு லண்டன் தம்பதி அவளைத் தத்தெடுத்து, இங்கே திரும்பி வரும்போது கூட்டி வந்தார்கள். அவள் இங்கே படித்து, ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்து, கலியாணம் கட்டாமல் இருந்து, முந்தின வருடம் செத்துப்போனாள். ஆட்களைத் தேடிக் கொடுக்கும் ஓர் அமைப்பு ரூத்துக்கு அவள் விலாசத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தபோது, அவளைப் புதைத்து ஐந்து மாதம்.

நான் படிவத்தைக் கொடுத்தேன். ரூத் பேனையை எடுத்தார். முதற் கட்டம், இறந்தவரின் பெயர். அதை விட்டுவிட்டு மற்றதை நிரப்பினார்.

எழுத்துத் தடுமாற்றமாக்கும் என்று நினைத்தேன். "நான் எழுதிவிடட்டோ?" என்று பதிவேட்டைத் திறந்து, அந்தப் பெயரைக் கவுண்டர்க் குரலில் உரத்து வாசித்தேன். அவர் தலை நிமிரவில்லை. கேட்கவில்லையாக்கும் என்று இன்னும் இரண்டு தடவை வாசித்தேன், எழுத்துக் கூட்டியும் வாசித்தேன்.

அத்தோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. நாங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள். ஆள் செத்தால் முப்பத்தோராம் நாளுக்குப் புத்தகமே அடிப்போம். அதற்குக் கல்வெட்டு என்று பெயர். முன் அட்டையில் பெரிய படம், கீழே பெயர், உள்ளே பேரப்பிள்ளைகள் வரை எல்லாருடைய பெயரும். துக்கம் விசாரிக்க வந்தவருக்குப் படத்தைக் காட்டுவதுதான் எங்களுக்குத் தெரிந்த ஆறுதல். பைலில் செத்தவீட்டன்று கொடுத்த மடிப்புத்தாள் ஒன்று இருந்தது, அட்டையில் அந்தப் பெண் சிரித்துக்கொண்டிருந்தார். பாவம், வளர்ந்த தங்கையை இவர் கண்டதேயில்லையே என்று அதை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

ரூத் அதைக் கவிழ்த்துப் போட்டார். இரண்டு கையாலும் அதன்மேல் அழுத்திப் பிடித்தார். பிறகு எழும்பிப் படிவத்தையும் விட்டுவிட்டு வெளியே போய்விட்டார்.

மிஸ்டர் ஹார்லோ தன் அறை வாசலில் நின்று பார்த்திருக்கிறார். "அவர் உங்களிடம் என்ன கேட்டார்?" என்றார்.

"அனுமதி."

"நீங்கள் என்ன கொடுத்தீர்கள்?"

"படம்."

அவர் திரும்பி உள்ளே போனார். திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அடுத்த நாள் ரூத் தானே வந்தார். நான் மன்னிப்புக் கேட்க வாய் திறக்க முன்னமே அவர் தொடங்கினார். "உங்களுக்குத் தெரிய ஞாயமில்லை. எங்கட ஆக்களில ஒருத்தர் போனால் கொஞ்சக் காலம் பேர் சொல்லமாட்டம், படம் பாக்கமாட்டம். வேற இடத்து ஆக்கள் வேற மாதிரிச் செய்வினம். எங்கட குடும்பத்தில இப்பிடி."

"எவ்வளவு காலம்?"

"வீட்டில மூத்த பொம்பிளையள் சொல்லுவினம்." பிறகு மேசையைக் காட்டினார். "அந்தப் படத்தை எறிஞ்சு போடாதேங்கோ. அவள் வளந்து எப்பிடி இருந்தவள் எண்டு எனக்குத் தெரியாது. நேற்று என்ர கண் ஓடிப் பாத்திருக்கும், நான் விடேல்லை. காலம் வரேக்க கேப்பன்."

என்வலப்பில் போட்டு அவர் கண்முன்னே ஒட்டினேன். மேலே எழுதினேன். தமிழில் முதலில் எழுதியது எனக்காக.

எதற்கு இந்தக் கல் என்று கேட்டேன். அவர் ஊர் ஆற்றங்கரையில் ஒரு நினைவுக்கல் வைத்திருக்கிறார்களாம், கொண்டுபோகப்பட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்து. வளர்ந்து திரும்பி வந்தவர்கள் முதலில் போய் அதைத்தான் கையால் தொடுவார்களாம். "இவள் வரேல்லை. அம்மா சாகேக்க சொன்னவ, அவள் வரேல்லையெண்டால் கல்லை அவளிட்டக் கொண்டுபோ எண்டு." ஆற்றங்கரைக் கல்லின் வாசகத்தையே ஒருத்திக்கு ஏற்றபடி மாற்றி எழுதி வந்திருந்தார். இரண்டே வரி. 'இந்தப் பிள்ளையைத் தாயிடமிருந்து பறித்தார்கள். தாய் தேடினாள்.'

படிவம் மிஸ்டர் ஹார்லோவிடம் போனது. அடியிலிருந்து வாசித்தார். பத்திரக்காரர் கையெழுத்து இல்லை. அளவு சரி. வாசகத்தில் நின்றார். ஒருவர்மேல் குற்றம் சாட்டும் வாசகத்துக்கு எங்கள் விதியில் இடமில்லை. "'பறித்தார்கள்' என்பதற்கு ஆதாரம் உண்டா?" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. ரூத்துக்கு வரவில்லை. பையிலிருந்து ஒரு பிரதியை எடுத்துக் கொடுத்தார். அந்நாட்டு நலன்புரி அலுவலகத்தின் பதிவேட்டில் ஒரு பக்கம். அதில் ஒரு வரி: பிள்ளை அகற்றப்பட்டது; தாய் வாகனத்தின் பின்னால் வந்து தொந்தரவு செய்தார். பக்கத்தில் திகதி, சுருக்கக் கையொப்பம், பைல் இலக்கம். எழுத்து முத்து முத்தாக இருந்தது. கோடு தாண்டவில்லை, வெட்டித் திருத்தவில்லை. என் மேசையில் நான் எழுதுவதுபோலவே இருந்தது. எழுதினவர் அன்று பின்னேரம் பேனையை மூடிவிட்டுத் தேத்தண்ணி குடித்திருப்பார், நானும் அப்படித்தான் செய்திருப்பேன் என்று நினைத்தேன். அந்த நினைப்பு இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மிஸ்டர் ஹார்லோ அதை இரண்டு தடவை வாசித்தார். "வாசகம் சரி" என்றார். பிறகு மேலே போய்ப் பெயர்க் கட்டத்தைப் பார்த்தார். நான் காரணம் சொன்னேன். பேனை நுனியைக் கடித்துவிட்டு, கட்டத்துக்குள் எழுதாமல் ஓரத்தில் "கல்லறை இலக்கப்படி" என்று மட்டும் எழுதினார். மிஞ்சியது கையெழுத்து.

பத்திரம் தத்தெடுத்த தாயின் பெயரில் இருந்தது. மிஸிஸ் பார்சன்ஸ், எண்பத்தொன்பது வயது, சட்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தார். விதிப்படி நான் கடிதம் போட்டுப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். ஒரு கிழமை போய்விட்டது, பதிலில்லை. ரூத்துக்குப் பயண நாள் நெருங்கியது. கையெழுத்து இல்லாமல் அவர் வெறுங்கையோடு போக வேண்டியதுதான். நான் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை விதியை மீறினேன். அரைநாள் லீவு எடுத்து, ரூத்தையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

ரூத் விறாந்தையில் இருந்தார். நான் உள்ளே போனேன். மிஸிஸ் பார்சன்ஸ் கதிரையில் நிமிர்ந்து இருந்தார், காது நன்றாகக் கேட்டது. கடிதம் மடியிலேயே கிடந்தது.

"நான் எவரிட்டையும் பறிக்கேல்லை," என்றார். "ஆருமில்லாத பிள்ளை எண்டு சொல்லித்தான் தந்தவை. தாய் தானே குடுத்தவ எண்டும் சொன்னவை. கையெழுத்து வைக்க ஏலாது."

அவர் சொன்னதும் உண்மையாகத்தான் இருக்கும். படிவத்தைப் பைக்குள் வைத்தேன். அப்போது அவர், "வெளியில இருக்கிறது ஆர்? நடந்து வரேக்க அவளை மாதிரியே இருந்தது" என்றார்.

ரூத் வந்து எதிரே உட்கார்ந்தார். மிஸிஸ் பார்சன்ஸ்தான் முதலில் கேட்டார்.

"உண்மையா அவ தேடினவவோ? தாய்?"

"றோட்டில எந்த வாகனம் வந்தாலும் வாசல் படலைக்கு ஓடுவா," என்றார் ரூத். "சாகிற வருசமும் ஓடினவ. நடக்க ஏலாமல் போன பிறகு எங்களை ஓடிப் பாக்கச் சொல்லுவா."

மிஸிஸ் பார்சன்ஸ் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். "அவள் சின்னனில எந்நேரமும் ஜன்னலுக்கை நிப்பாள்," என்றார். "நான் நினைச்சன், மழை பாக்கிறாள் எண்டு."

பிறகு படிவத்தைக் கேட்டார். கையெழுத்துத் தெளிவாக விழுந்தது. பேனையைத் திருப்பித் தரும்போது உறுதியாகச் சொன்னார்: "பெரிய கல்லில 'எங்கள் ஒரே மகள்' எண்டு இருக்கு. அதை மாத்த விடமாட்டன்."

"இருக்கட்டும்," என்றார் ரூத். "உங்களுக்கு அவள் ஒருத்திதானே."

ரூத் புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னால் கல் தயாரானது. ஒன்றரை அடிக்கு ஓரடி, சாம்பல் நிறம். மிஸ்டர் ஹார்லோ, ரூத், நான் மூவரும் கல்லறைக்குப் போனோம். கல்லறை கிட்ட வந்ததும் ரூத் நின்றுவிட்டார். தலைமாட்டில் பெரிய கல்லில் தங்கையின் பெயர் பொன் எழுத்தில் இருந்தது. நான் அதை யோசிக்கவேயில்லை. மிஸ்டர் ஹார்லோ யோசித்திருக்கிறார், அல்லது அந்தக் கணத்தில்தான் தோன்றியதோ தெரியாது. தன் கறுப்புக் கோட்டைக் கழற்றினார். போய் அந்தப் பெரிய கல்லின்மேல், பெயர் மறையும்படி, தொங்கவிட்டார். தூறிக்கொண்டிருந்த மழையில் வெறும் சேர்ட்டோடு கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

ரூத் கல்லறையின் காலடியில் முழங்காலிட்டுச் சின்னக் கல்லைத் தொட்டார். தன் மொழியில் ஏதோ சொன்னார். எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை. லாச்சியில் கிடந்த போனைக்கூட அன்றைக்கு நான் நினைக்கவில்லை.

அக்காவின் மகளைப் பற்றி இன்றுவரை தகவல் இல்லை. அவளுக்குக் கல்வெட்டு அடிக்கவில்லை. ஒரு தடவை மச்சாள் அடிக்கச் சொன்னபோது, அக்கா சாப்பாட்டுக் கோப்பையைத் தூக்கி எறிந்தாராம். அக்கா பேரைச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். ரூத் சொல்லாமல் இருந்தார். இரண்டும் எனக்கு விளங்குகிறது.

மாதங்கியிடமிருந்து என்வலப்பை வாங்கி வந்து ரூத்துக்குக் கடிதம் போட்டேன். உயிரோடு இருக்கிறாரோ என்றுகூடத் தெரியாது. போன கிழமை பதில் வந்தது. 'காலம் வந்துவிட்டது என்று மூத்தவர்கள் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். இப்போது மூத்தவள் நானே. படத்தை அனுப்புங்கள். அனுப்பும் முன் அவளுடைய பெயரை ஒரு தடவை உரத்துச் சொல்லுங்கள், அவள் அங்கே தனியே நிற்காமல் படத்தோடு வரட்டும்.' கீழே ஒரு பெயர் எழுதியிருந்தார். பதிவேட்டில் நான் வாசித்த பெயர் அல்ல, தாய் வைத்த பெயர். சொல்லத்தான் எனக்கு அனுமதி, எழுதிக் காட்ட அல்ல. அதனால் இங்கே எழுதவில்லை.

வீட்டில் வைத்துச் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். சிவம் ரீவி பார்த்துக்கொண்டிருந்தார், வெட்கமாக இருந்தது. அப்படியே மிச்சம் ஊர்த் தபால் கந்தோருக்குப் போய் வரிசையில் நின்றேன். என் முறை வந்தது. கவுண்டரில் எங்கள் பிள்ளை ஒருத்தி. என்வலப்பைத் தராசில் வைத்து, முத்திரை ஒட்டி, பின்னால் இருந்த பைக்குள் போடத் திரும்பினாள். இனி விட்டால் விட்டதுதான் என்று, அந்தப் பெயரை உரத்துக் கூப்பிட்டேன். கவுண்டர்க் குரல் இன்னும் என்னிடம் இருந்தது. வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"ஆரை அன்ரி கூப்பிடுறியள்?" என்றாள் அவள், என்வலப்பைக் கையில் பிடித்தபடி.

"உன்ர கையில இருக்கிற பிள்ளையைத்தான்," என்றேன். "அவள் வீட்டை போறாள்."